சலவை இயந்திரமும் பழுதறியும் கல்வியும்

தலை இடிக்கின்றதென்று சொல்லி வந்த நோயாளியின் நாடியையும் பாராது நாவையும் பாராது, "தலையை மாற்றிவிடுவோம்" என்று கூறும் வைத்தியர் ஒருவர் இருப்பாராயின், அவர் வாயிலை எவரும் மிதியார். ஆயினும், இக்காலத்து எம் வீடுகளிற் புகுந்துள்ள சலவை இயந்திரங்களுக்கு நடைபெறும் வைத்தியம் பெரும்பாலும் இத்தகையதே. இயந்திரம் இடைநடுவில் நின்றுவிடுகின்றது. முகப்பிலே ஓர் எழுத்தும் இரண்டோர் இலக்கங்களும் மின்னுகின்றன. அழைக்கப்பட்டு வந்தவர் அவற்றை ஒருமுறை நோக்கிவிட்டு, "போட் அடிச்சுப் போட்டுது, மாத்தத்தான் வேணும்" என்கின்றார். உறை கழற்றப்படவில்லை; ஒரு கம்பியேனும் அளக்கப்படவில்லை; தீர்ப்பு மாத்திரம் கூறப்பட்டுவிட்டது. கல்லூரி மலரிலே சலவை இயந்திரத்துக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் பழைய மாணவர் சிலர் இருத்தல் கூடும். பௌதிக ஆய்வுகூடத்திலே யாம் கற்ற ஓமின் விதி, பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறத்தற்கு மாத்திரம் உரியதோ என்பதே எமது வினா. ஆதலின் இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

இவ்வியந்திரம் செல்வர் வீட்டு அலங்காரப் பொருளாயிருந்த காலம் கழிந்தது. துலாவால் நீரள்ளி, கிணற்றடிக் கல்லிலே உடுப்பு அடித்துத் தோய்த்த கைகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயதாகின்றன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ, வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் பெரிய வீடுகளிலே இருவராயும் தனியராயும் எஞ்சியிருக்கும் முதியோருக்கு அது ஒரு கை போன்றதாயிற்று. உடுப்பு வெளுத்தலைக் குலத்தொழிலென ஒரு சாரார்மேற் சுமத்தி வைத்திருந்த வழக்கம் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாயின், அதன் பொருட்டும் இதனை வாழ்த்தலாம். அது நின்றுவிட்டால், நீரூறிய போர்வையைத் தூக்கிப் பிழிய அவர்களால் இயலாது. இயலாமையால் அவசரம் பிறக்கின்றது. அவசரத்தால், சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நிலை பிறக்கின்றது. விலையோ சிறிதன்று. சில இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகையின் விலை, புதிய இயந்திரத்தின் விலையிற் கணிசமான பங்காயுள்ளது.

முகப்பில் மின்னும் அக்குறி யாது உரைக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இயந்திரத்தினுள்ளே உள்ள இலத்திரனியற் பலகைக்குத் தன் கண்ணென ஒன்று இல்லை. நீர் வந்ததா, எவ்வளவு உயர்ந்தது, எத்துணைச் சூடாயிற்று, கதவு பூட்டப்பட்டதா, மோட்டர் எவ்வேகத்திற் சுழல்கின்றது என்பவற்றையெல்லாம் உணரிகள் வந்து சொல்ல, அதைக்கொண்டே அது கட்டளையிடுகின்றது. நீரை விடும்படி கட்டளையிட்டுச் சில நிமிடம் காத்திருந்தும் நீர்மட்டம் உயர்ந்ததென்ற செய்தி வாராதாயின், அது வேலையை நிறுத்திக் குறியைக் காட்டும். "யான் காத்திருந்தேன், செய்தி வரவில்லை" என்பதே அக்குறியின் பொருள். "யான் பழுதுற்றேன்" என்பது அதன் பொருளன்று. செய்தி வாராமைக்குரிய காரணம் நீர்க்குழாயில் இருக்கலாம், வால்வில் இருக்கலாம், உணரியில் இருக்கலாம், இடைப்பட்ட கம்பியில் இருக்கலாம், கடைசியாகப் பலகையிலும் இருக்கலாம். கடைசியாக நினைக்கவேண்டியதை முதலில் நினைத்தலே இன்று எங்கும் பரவியுள்ள பிழை. அதிலும் எமது குடாநாட்டின் நிலமும் நீரும் காற்றும், பலகைக்கு வெளியே பழுதுண்டாகும் வழிகளைத் தாராளமாகவே வகுத்து வைத்திருக்கின்றன.

நீரின் அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வியந்திரங்கள் நகரக் குழாய்நீரை எண்ணிச் செய்யப்பட்டவை. நீர் நுழையும் வால்வு செவ்வனே திறந்து வேலை செய்வதற்கு முப்பது அல்லது ஐம்பது கிலோபசுக்கல் அழுத்தமேனும் வேண்டுமென்று பல கைந்நூல்கள் கூறும். எம் வீடுகளிலோ கிணற்று நீர் மின்பம்பியாற் கூரைமேலுள்ள தாங்கிக்கு ஏற்றப்பட்டு அங்கிருந்து இறங்குகின்றது. ஒரு மீற்றர் உயர நீர் ஏறக்குறையப் பத்துக் கிலோபசுக்கல் அழுத்தத்தையே தரும். குசினிக் கூரைமேல் வைத்த தாங்கி, இயந்திரத்தின் குழாய்வாயிலிருந்து இரண்டரை மீற்றர் உயரத்தில் இருக்குமாயின் கிடைப்பது இருபத்தைந்தே. தாங்கி நிறைந்திருக்கும் காலையில் இயந்திரம் ஓடுகின்றது. அரைவாசியான மாலையில் நின்றுவிடுகின்றது. வால்வின் வாயிலுள்ள சிறு வலையிற் சுண்ணாம்புத் துகளும் தாங்கியின் பாசியும் அடைந்திருந்தாற் சொல்லவேண்டுவதில்லை. ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை இலீற்றர் நீர் வருகின்றதெனப் பார்த்தாற் போதும். அதைப் பாராது பலகையை மாற்றுதல், கிணறு வற்றியதற்குத் துலாவை வெட்டுதல் போலும்.

அடுத்தது நீரின் வன்மை. எமது நிலத்தின் அடியிலுள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் அதனூடு வடிந்து, சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகின்றது. எம் வீட்டுக் கேத்தில்களின் அடியிற் படியும் வெள்ளைத் தோல் யாவரும் அறிந்ததே. அதே தோல் சலவை இயந்திரத்தின் சூடாக்கியிலும் படிகின்றது. படிந்த தோல் வெப்பத்தை நீருக்கு விடாது தடுக்க, சூடாக்கி உள்ளே அளவிறந்து சுட்டு ஈற்றில் அறுகின்றது, அல்லது அதன் காப்பு வெடித்து மின் நிலத்துக்குக் கசிகின்றது. பின்னைய நிலையில் வீட்டின் ட்றிப் சுவிற்ச் விழும். இரண்டையும் ஒரு பன்மானியால் ஐந்து நிமிடத்தில் அறியலாம். 230 உவோற்றில் 2000 உவாற்று வலுவுள்ள சூடாக்கியின் தடை என்ன? 230ஐ 230ஆற் பெருக்கி 2000ஆற் பிரித்தால் ஏறக்குறைய இருபத்தாறரை ஓம். மின்னைத் துண்டித்து, கம்பிகளைக் கழற்றி அளக்கும்போது அதற்குக் கிட்டிய எண் வருமாயின் சுருள் அறவில்லை. முடிவிலியெனக் காட்டின் அறுந்தது. சுருளுக்கும் உலோக உறைக்கும் இடையே மின் செல்லும் வழி காணப்படின் காப்புக் கெட்டது. காப்பை முற்றச் சோதித்தற்கு உயர் உவோற்றளவிற் சோதிக்கும் மானி வேண்டும் என்பது உண்மையே. எனினும் மோசமான கசிவைச் சாதாரண மானியும் காட்டிவிடும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கன் செய்யும் கணக்கன்றி இதில் வேறொன்றும் இல்லை.

எமக்கு அறிமுகமான இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததை இவ்விடத்திற் சொல்லுதல் தகும். அவர் வீட்டு இயந்திரம் நீரை வாங்கிக்கொண்டே இருந்து, பின்னர் குறி காட்டி நின்றது. வந்த திருத்துநர் பலகையை மாற்றவேண்டும் என்றார். இரண்டு மாத ஓய்வூதியத்துக்குக் கிட்டிய தொகை சென்றது. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதே குறி. இம்முறை, இயந்திரமே பழையது, புதிது வாங்குவதே மேல் என்ற யோசனை கூறப்பட்டது. அயலிலே மோட்டர் சுற்றும் இளைஞன் ஒருவனை ஆசிரியர் அழைத்தார். அவன் குறியைப் பார்த்தபின் பலகையைத் திரும்பியும் பாராமல், நீர்மட்ட உணரிக்குச் செல்லும் மெல்லிய இறப்பர்க் குழாயைக் கழற்றி வாயில் வைத்து மெதுவாக ஊதினான். காற்றுப் போகவில்லை. நீர் உயர உயர இக்குழாயினுள் அடைபட்ட காற்று அமுங்கும். அவ்வமுக்கமே உணரிக்கு நீர்மட்டத்தை அறிவிக்கும். குழாயின் அடிவாயிற் சவர்க்காரக் கசடும் சுண்ணாம்பும் கட்டியாக இறுகியிருந்தன. "மாஸ்ரர், போட்டிலை ஒரு பிழையும் இல்லை, குழாய்தான் அடைச்சிருக்கு" என்று சொல்லி, வெந்நீர் விட்டுக் கழுவிப் பூட்டினான். முதலில் ஒன்பது நாள் ஓடியதற்குக் காரணம், பலகை மாற்றும்போது இயந்திரத்தைச் சாய்த்து ஆட்டியதில் அடைப்புச் சிறிது விலகியமையே போலும். புதிய மந்திரி வந்தும் பழைய ஒற்றனே பொய்ச்செய்தி கொண்டுவந்தான் என்க. கழற்றிய பழைய பலகை எங்கே என்று ஆசிரியர் விசாரித்தபோது, அது எறியப்பட்டுவிட்டதாம்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கடற்காற்று எட்டும் ஊர்களிலே கம்பி முனைகளிற் பச்சைக் களிம்பு படரும்; முனையைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாலே சில இயந்திரங்கள் எழுந்து நடக்கும். எலி கம்பியைக் கடிக்கும். சூடு தேடிப் புகும் எறும்பும் பல்லியும் பலகையின்மேல் மாண்டு இரு தடங்களை இணைத்துவிடும். மோட்டரின் கரித்தூரிகை தேய்ந்தால் வேகச் செய்தி தடுமாறும். குறி வேகத்தைப் பழிக்கும். கேட்டவர் பலகையைப் பழிப்பர்.

பலகை ஒருநாளும் பழுதுறாதென்று யாம் சொல்லவில்லை. மின்சாரத்தின் நடத்தை அதற்குப் பெரும் பகை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததால் நாடெங்கும் இருண்டதென்று அமைச்சரே கூறினார். அனுமான் இலங்கையை எரித்த கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு அது முற்றிலும் புதுமையன்று. மின் போகும்போது உண்டாகும் கேட்டினும் மீளும்போது உண்டாகும் கேடே பெரிது. உவோற்றளவு ஏறியிறங்கித் துள்ளும். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலும் அவ்வாறே செய்யும். இதனைத் தாங்குதற்கென்றே பலகையின் வாயிலில் ஓர் உருகியும், உவோற்றளவு மிகும்போது தன்னூடு மின்னை இழுத்துத் தன்னைப் பலிகொடுக்கும் சிறு வட்டத்தடையி ஒன்றும் வைக்கப்பட்டுள்ளன. அவ்விரண்டும் மடிந்து ஏனையவற்றைக் காத்த பலகையை, முழுதும் மாண்டதெனக் குப்பையில் எறிதல் நன்றி கொன்ற செயலாகும். இரண்டின் விலையும் ஒரு வேளைத் தேநீர்ச் செலவை அதிகம் விஞ்சாது. மேல்முகம் வீங்கிய கொள்ளளவி, றிலேயின் காலடியில் வெடித்த ஈயப்பற்று என்பனவும் கண்ணாலேயே காணத்தக்கவை. சில கம்பனிகள் பலகை முழுவதையும் பிசின் ஊற்றி மூடிவிடுகின்றன. ஈரத்தைத் தடுத்தற்கென்று காரணம் கூறுவர். திருத்துநரையும் அது தடுக்கின்றது என்பதைக் கூறார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. செருகியைக் கழற்றிய பின்னரும் பலகையின் பெரிய கொள்ளளவியிற் சிறிதுநேரம் மின் தங்கியிருக்கும். 230 உவோற்று ஆடலோட்டம் நேராக்கப்பட்டால் அதன் உச்சம் ஏறக்குறைய 325 உவோற்று. ஈரநிலத்தில் வெறுங்காலோடு நின்று இதனைத் தொடுதல் உயிரோடு விளையாடுதலாகும். நிலத்தொடுப்பு இல்லாத வீடுகளில் இவ்வியந்திரத்தை வைத்திருப்போர், பழுது வருமுன்னரே அக்குறையைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும்.

திருத்துநரை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. அவர் கையிலே சுற்றுப்படம் இல்லை, கம்பனி கொடுப்பதில்லை. ஆறுதலாக இருந்து ஒரு மணி நேரம் அளந்து, "குழாய் அடைத்திருந்தது" என்று சொல்வாராயின், "இதற்கா இவ்வளவு காசு?" என்று எம்மவர் கேட்பர். பொருளை மாற்றியவனுக்குக் கொடுப்பார்கள். பழுதைக் கண்டவனுக்குக் கொடார்கள். அறிவுக்குக் கூலி மறுக்குமிடத்திலே அறிவு எங்ஙனம் தங்கும்? இனி ஒருவரை வீட்டுக்கு அழைக்கும்போது, பழுதை அறிந்து சொல்வதற்கு ஒரு கூலியும் அதைத் தீர்ப்பதற்கு வேறொரு கூலியும் எனப் பேசிக்கொள்ளல் இருபாலார்க்கும் நன்று. பலகை பழுதென்பாராயின், எந்த அளவைக்கொண்டு அம்முடிபுக்கு வந்தாரென்று பணிவாகக் கேட்கலாம். பழைய பலகையைக் கையிற் பெற்றுக்கொள்ளலும் வேண்டும்.

சுற்றுப்படம் பற்றிய குறையோ தனியொருவராற் தீர்வதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு இயற்றிய விதி, 2021 மார்ச்சு முதலாந் திகதி தொடக்கம், சலவை இயந்திரம் செய்வோர் அவ்வகை இயந்திரத்தைச் சந்தைக்கு விடுதல் நின்றபின்னும் பத்தாண்டுகளுக்கு உதிரிப்பாகங்களைக் கொடுத்தல் வேண்டுமென்று பணித்தது. தொழில்முறைத் திருத்துநருக்குப் பழுதறி குறிகளும் கம்பி இணைப்புப் படங்களும் கிடைத்தற்கும் அது வழி செய்தது. 2024இல் திருத்துரிமை பற்றிய தனிக் கட்டளையொன்றும் அங்கு இயற்றப்பட்டது. இந்திய அரசாங்கமும் 2022 திசெம்பரிலே திருத்துரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. அங்கு கொடுக்கும் படத்தை இங்கு மறைப்பதற்கு நியாயம் என்ன? யாழ்ப்பாணத்து வாடிக்கையாளனின் காசு வேறு காசா? 2022இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உதிரிப்பாகம் கிடையாது அலைந்த எமக்கே இவ்வுரிமை மற்றெவரினும் இன்றியமையாதது. எறியப்படும் பலகைகள் எங்கே போகின்றன என்பதையும் நினைக்கவேண்டும். அவற்றின் ஈயம் வேலியோரத்திலே மழையில் நனைந்து, துளைபட்ட சுண்ணக்கல்லினூடு இறங்கும் நீரே எமது குடிநீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தைக் கண்டும் இதில் அசட்டை கொள்ளல் தகாது.

பழுதறிதல் எம்மவர்க்குப் புதிய வித்தையும் அன்று. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தபோது, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டவர் நாம். சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் நாம். மாற்றுவதற்குப் பாகம் இல்லாதிருந்தமையால், அன்று யாவரும் காரணம் தேடினர். இன்று பாகம் கிடைப்பதால், தேடுதல் நின்றுவிட்டது.

மொழி ஒரு தடையென்பாரும் உளர். 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து மானிப்பாயிலே வைத்தியம் நடத்திய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிசனரி வைத்தியர், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணாக்கருக்கு வைத்தியங் கற்பித்தார். அவர் சமயம் வேறு, எம் சமயம் வேறு; அப்பணியை மறுக்க எவராலும் இயலாது. மனித உடலின் நோயறிதலையே அன்று தமிழிற் சொல்ல முடிந்ததாயின், ஓர் இயந்திரத்தின் பழுதறிதலை இன்று சொல்லலாகாதோ? தடையி, கொள்ளளவி, உருகி, நிலைமாற்றி, உணரி என்னுஞ் சொற்கள் எம் பாடநூல்களிலே பல ஆண்டுகளாக வழங்குகின்றன. அவை பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வாராமையே குறை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நினைவாக வாயில்வளைவும் கல்வெட்டும் எழுப்புவதைத் தடுக்க யாம் வரவில்லை. அவற்றோடு, கல்லூரியிலே ஒரு பழுதறி மேசையும் அமைத்தல் கூடுமா? ஊரிலே கழித்துவிடப்பட்ட சலவை இயந்திரங்கள் நான்கைந்தை இலவசமாகவே பெறலாம். ஆசிரியர் மாணாக்கர் காணாதபடி ஒன்றில் ஒரு பழுதை வைத்துவிடுவார்: ஒரு முனையைத் தளர்த்துவார், குழாயில் ஒரு பஞ்சை அடைப்பார், நல்ல வெப்பவுணரிக்குப் பதிலாக அறுந்ததை மாட்டுவார். மாணாக்கன் எப்பாகத்தையும் மாற்றுமுன், தான் எதை அளந்தான், எவ்வெண் வந்தது, அதனால் எது குற்றமற்றதென விலக்கினான், எது எஞ்சியது என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். சரியான விடையை ஊகத்தாற் சொன்னவனுக்குப் புள்ளியில்லை; முறையாக விலக்கி வந்து ஈற்றில் வழுவியவனுக்கு அரைப் புள்ளியேனும் உண்டு. கடல்கடந்து பொறியியலாளராயுள்ள பழைய மாணவர், தாம் பெறக்கூடிய சுற்றுப்படங்களைச் சட்டத்துக்கு அமையப் பெற்று அனுப்பலாம். உயர்தரத்துக்குப் போகாது நின்றுவிடும் பிள்ளைகளையும், அயற்கிராமத்துத் திருத்துநரையும் சனிக்கிழமைகளில் இம்மேசைக்கு அழைக்கலாம். செலவு பெரிதன்று. பன்மானிகள் பத்து, ஈயம் பற்றவைக்கும் கோல்கள் ஐந்து, தனிப்படுத்து நிலைமாற்றி ஒன்று, காப்புச் சோதிக்கும் மானி ஒன்று, ஒரு மரமேசை, காலின்கீழ் இறப்பர் விரிப்பு. மின்னை இணைத்துச் செய்யும் சோதனைகளை ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும். மாணாக்கர் மின் துண்டித்த இயந்திரத்தையே தொடுதல் வேண்டும்.